கிள்ளானுக்குக் கொண்டுபோன தப்பு

கோலாலம்பூர் விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "ஹாலிடே?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். உண்மையில் நான் கிள்ளானில் இருக்கும் ஒரு நர்ஸிடம் மன்னிப்புக் கேட்க வந்திருந்தேன். அதைச் சொன்னால் கூடுதலாக நாலு கேள்வி வரும். சீருடை போட்ட யாரைப் பார்த்தாலும் எனக்குப் பயம். பேசாமல் கைரேகையை வைத்துவிட்டு நகர்ந்தேன்.

நான் திருச்சியில் இத்தாலியன் சொல்லிக்கொடுக்கிறேன். இதைக் கேட்டதும் எல்லோரும் "இத்தாலி போயிருக்கிறீர்களா?" என்பார்கள். போனதில்லை. ஓர் இத்தாலியரோடு ஒரு வாக்கியம் பேசியதும் இல்லை. தில்லை நகரில் ஒரு டியூஷன் சென்டரில் பிரெஞ்சு எடுத்துக்கொண்டிருந்தேன். எட்டு வருடத்துக்கு முன்னால் சென்டர் முதலாளி அட்டை கிழிந்த ஓர் இலக்கணப் புத்தகத்தை என் மேசையில் வைத்து, "சிஸ்டருங்க ரோமுக்குப் போறாங்களாம், இத்தாலியன் கேக்கறாங்க. பிரெஞ்சுக்கு அது தங்கச்சி மாதிரிதானே, பாத்துக்கோம்மா" என்றார். ஆறு மாதத்தில் நான் இத்தாலியன் டீச்சர் ஆகிவிட்டேன்.

ஒரே ஒரு முறை இத்தாலிய வானொலிச் செய்தியைக் கைப்பேசியில் போட்டுக் கேட்டேன். இரண்டு நிமிடம் ஓடியது. ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. பயந்து அணைத்தவள்தான், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. என் மாணவிகளில் பெரும்பாலோர் கன்னியாஸ்திரீகள். ரோமுக்குப் போய்ச் சேர்ந்ததும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவார்கள். ஒருவரும் குறை சொன்னதில்லை. மன்னிப்பது அவர்கள் தொழில் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அசை பிரிப்பதில் மட்டும் நான் கெட்டிக்காரி. பட்டு என்பதை நாம் பட்-டு என்று பிரிப்பதுபோலத்தான் அவர்களும் இரட்டை மெய்யை நடுவில் வெட்டுவார்கள். பூனைக்கு காத்-தோ. வார்த்தைகள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடியும். பஸ்ஸை பஸ்ஸு ஆக்கும் நம் வாய்க்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. தொடையில் தாளம் போட்டு, ஒரு தட்டுக்கு ஓர் அசை என்று பாடமாகவே சொல்லவைத்துவிடுவேன். அழுத்தம் எங்கே விழும்? கடைசிக்கு முந்தின அசையில். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அதற்கு முன்னால் 'பெரும்பாலும்' என்று ஒரு வார்த்தை இருந்தது. அதை நான் கவனிக்கவில்லை.

நான்கு மாதத்துக்கு முன்பு, ரோமிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு கன்னியாஸ்திரீ எனக்கு ஓர் அகராதி கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு வார்த்தையிலும் அழுத்தம் விழும் இடத்தில் புள்ளி வைத்த அகராதி. நன்றி சொல்லி வாங்கி, வீட்டுக்கு வந்து சும்மா புரட்டினேன். வயிற்றுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஸ்தொமாகோ. அகராதியில் ஸ்தோமகோ. கல்லீரலுக்கு நான் சொன்னது ஃபெகாதோ. அவர்கள் சொல்வது ஃபேகதோ. டாக்டருக்கு மெதீகோ என்றிருந்தேன். மேதிகோவாம். கடைசிக்கு முந்தினதில் அல்ல, அதற்கும் முந்தினதில் அழுத்த வேண்டிய வார்த்தைகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதிய மாணவிகளுக்குச் சத்தமில்லாமல் திருத்தமாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். ஆனால் மல்லிகா அக்கா என்னிடம் ஏற்கெனவே ஒரு வருடம் படித்திருந்தார்.

மல்லிகா அக்கா கிள்ளானில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். என்னைவிட ஏழு வயது மூத்தவர். கணவர் இல்லை. ஒரே மகள் இத்தாலியில் போலோஞ்ஞா நகரத்தில் படிக்கிறாள். அவளை நேரில் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்கு மலேசியாவிலிருந்து நர்ஸ் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இணையத்தில் தேடி என்னைப் பிடித்தார். நேர்முகத் தேர்வு முழுக்க இத்தாலியனில். அடுத்த வருடம் அவருக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஒரே வாய்ப்புதான். அதற்குத் தயார் செய்கிறவள் நான். வயிற்றையும் கல்லீரலையும் டாக்டரையும் தப்பாகச் சொல்லும் ஒரு நர்ஸை நான் தயார் செய்து வைத்திருந்தேன்.

உண்மை தெரிந்த பிறகும் நான்கு மாதம் அவரோடு அதே தப்பு உச்சரிப்பிலேயே பாடம் நடத்தினேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் நினைப்பேன். திரையில் அவர் கையெடுத்துக் கும்பிட்டு "வணக்கம் டீச்சர்" என்றதும் பாடப் புத்தகத்தைத் திறந்துவிடுவேன். தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் அவர், "நீங்க நேர்ல வந்து ஒரு அஞ்சு நாள் என்கூட இருந்தா எனக்குத் தெம்பா இருக்கும் டீச்சர்" என்றார். நேரில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் அக்காவுக்கு வேலை இருந்ததால் கோலாலம்பூரிலேயே, தமிழர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் ஒரு விடுதியில் தங்கினேன். சாயங்காலம் மல்லிகைப்பூக் கடைகளையும் பட்டுப்புடவைக் கடைகளையும் பார்த்துக்கொண்டு நடந்தபோது திருச்சி பெரிய கடைவீதியில் இருக்கிற நினைப்பு வந்தது. சாலையைக் கடந்தபோது அந்த நினைப்பு போய்விட்டது. இங்கே வண்டி ஹாரன் அடிக்காமல் வருகிறது. ஹாரன் கேட்டு ஒதுங்கியே பழகிய எனக்கு, அந்த அமைதி கிலியாக இருந்தது. மூன்று பேர் கடக்கும்வரை காத்திருந்து அவர்களுக்கு நடுவில் புகுந்து கடந்தேன்.

ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில், உட்கார்ந்து "ஒரு டீ" என்றேன். கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிய டீ வந்தது. நம் ஊர் கிளாஸில் ஊற்றினால் நாலு பேர் குடிக்கலாம். பக்கத்து மேசையில் ஒருவர் "தே ஓ கோசோங்" என்றார். இன்னொருவர் "தே ஓ ஐஸ் லிமாவ்" என்றார். பரிமாறிய அண்ணனிடம் விளக்கம் கேட்டேன்.

"'தே'ன்னா பால் போட்ட டீ க்கா. ஓ சேத்தா பால் இல்ல. கோசோங் சேத்தா சீனியும் இல்ல. ஐஸ் சேத்தா குளுரு, லிமாவ் சேத்தா எலுமிச்ச. பின்னால ஒன்னொன்னா ஒட்டிக்கிட்டே போவலாம்."

இத்தாலியனிலும் இதுதான். காத்தோ பூனை. பின்னால் ஒட்டினால் காத்தீனோ, குட்டிப் பூனை. காத்தோனே, தடிப் பூனை. காத்தாச்சோ, போக்கிரிப் பூனை. ஒட்டு சேர்ந்ததும் அழுத்தம் பின்னால் நகர்ந்து கடைசிக்கு முந்தின அசையில் ஒழுங்காகப் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த இடத்தில் மட்டும் நான் தப்பு செய்திருக்க வழியில்லை. அந்த நிம்மதியில் ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டேன். சாம்பாரும் மீன் குழம்பும் கலந்து ஊற்றியதைப் பார்த்து முதலில் தயங்கினேன். பிறகு இன்னொரு ரொட்டி கேட்டேன்.

மறுநாள் காலை கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போக வேண்டும். பலகையைப் பார்த்தேன், இரண்டு பேரைக் கேட்டேன், ஏறிவிட்டேன். பெண்களுக்கான பெட்டி. எதிரில் ஒரு மலாய் அம்மா, பள்ளிச் சீருடையில் இருந்த தன் மகளை அடிக்குரலில் விடாமல் திட்டிக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண் அதைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். என்னவாம் என்று கேட்டேன்.

"பரீட்சைல ஃபெயில் ஆனத மறச்சிட்டா போல. ஃபெயில் ஆனதுக்கு நான் கோவப்படல, தெரிஞ்சும் மாசக்கணக்கா சொல்லாம இருந்தியே, அதான் கோவம்னு சொல்றாங்க" என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிய பிறகுதான் வெளியே சுண்ணாம்புப் பாறை தெரிந்தது. கிள்ளானில் மலை உண்டு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ரயில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். அதற்கு மேல் தண்டவாளம் இல்லை.

அக்காவுக்கு போன் செய்தேன்.

"எங்க டீச்சர் இருக்கீங்க?"

"முருகன் பக்கத்துல."

"எந்த முருகன்?"

"பெரிசா, தங்கக் கலர்ல..."

"பத்துமலைக்குப் போயிட்டீங்களா? அது இன்னொரு லைன் லா டீச்சர். பயப்படாதீங்க. அதே ட்ரெய்ன் திரும்பும், கே.எல். சென்ட்ரல்ல எறங்கி போர்ட் கிள்ளான் வண்டி மாறிக்குங்க."

அடுத்த ரயிலுக்கு நேரம் இருந்தது. படிகளுக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். வேண்டிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினால் என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. அக்கா தேர்வில் ஜெயிக்க வேண்டும் என்பதா, என் தப்பு வெளியே தெரியக் கூடாது என்பதா? இரண்டையும் சேர்த்துக் கேட்க வெட்கமாக இருந்தது. கண்ணைத் திறந்தபோது ஒரு குரங்கு என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிஸ்கட் பொட்டலத்தை எறிந்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

கிள்ளான் ஸ்டேஷனில் அக்கா நின்றிருந்தார். ஒரு வருடத்துக்கு மேலாகத் தோளுக்கு மேலே மட்டும் பார்த்த மனுஷி இவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது. நர்ஸ் உடையிலேயே வந்திருந்தார். என் பெட்டியைப் பிடுங்கி, "சாப்டாச்சா டீச்சர்?" என்றார். வெட்கமில்லாமல், "இல்லை" என்றேன். தெங்கு கிளானா சாலையில் வாழையிலைச் சாப்பாடு. சுற்றிலும் பூக்கடை, பலகாரக் கடை, பாட்டுச் சத்தம். சோற்றுக்குப் பக்கத்தில் பொரித்த பாகற்காய் வைக்கிறார்கள், கேட்கக் கேட்க வைக்கிறார்கள். நம் ஊரில் அப்பளத்தை இரண்டாவது முறை கேட்டால் முதலாளி நிமிர்ந்து பார்ப்பார்.

கடைக்காரரிடம் அக்கா பெருமையாக, "இவங்கதான் என் டீச்சர். இந்தியாலேருந்து எனக்காகவே வந்திருக்காங்க" என்றார். அவர் கைகழுவிக்கொண்டு வந்து எனக்குக் கும்பிடு போட்டார். பாகற்காய் எனக்கு அப்போதுதான் கசந்தது.

அன்று மதியமே அவர் வீட்டில் பாடம் ஆரம்பித்தோம். அவருடைய நோட்டுப் புத்தகம் மூன்று. நான் எப்போதோ போகிறபோக்கில் சொன்னதெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, "இல் சிஞ்ஞோரே ஆ மால் தி ஸ்தொமாகோ" என்றார். ஐயாவுக்கு வயிற்றுவலி. ஸ்தொமாகோ என்ற இடத்தில் தாளம் ஓங்கி விழுந்தது. சொல்லு, இப்போதே சொல்லு என்று எனக்குள் ஒரு குரல் கேட்டது.

"பெனிஸ்ஸீமோ" என்றேன். மிக நன்று என்று அர்த்தம்.

மூன்றாம் நாளும் சொல்லவில்லை. காலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, வாங்கிவந்தார். சாப்பிட்டு முடித்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். அதன் மிளகாய்ச் சம்பாலின் காரத்தில் எனக்கு விக்கல் பிடித்து, அது நிற்பதற்குள் அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார். மதியம், நர்ஸ்களை இத்தாலிக்கு அனுப்பும் ஏஜென்ட் தேவன் என்னைப் போனில் கூப்பிட்டு, தேர்வை நடத்துகிற இத்தாலிய அம்மையார் வந்து இறங்கிவிட்டார் என்று சொன்னார். அந்த அம்மையாரின் பெயர் மரீசா. சாயங்காலம் மழை. இரண்டு நாளில் தேர்வு, இப்போது போய்க் குழப்பினால் இருப்பதும் போய்விடுமே என்று எனக்கு நானே ஒரு நியாயம் கண்டுபிடித்தேன்.

நான்காம் நாள் விடியற்காலை தண்ணீர் குடிக்க எழுந்தவள், அடுப்படி வாசலில் நின்றுவிட்டேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கைப்பேசி மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்ந்து நின்றது. அதில் மகள். இருவரும் இத்தாலியனில் பேசிக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு என்னவோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது.

"தி ஃபா மாலே லோ ஸ்தோமகோ?" என்று அக்கா கேட்டார். வயிறு வலிக்கிறதா?

ஸ்தோமகோ. தாளம் இல்லை, தடுமாற்றம் இல்லை. அடுத்து மேதிகோ. டாக்டரைப் பார்த்தாயா? அகராதியின் புள்ளிகள் வாய் திறந்து பேசினால் இப்படித்தான் இருக்கும். நான் சத்தமில்லாமல் பின்வாங்கி அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அக்காவுக்குத் தெரியும். மகள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்படியென்றால் நான் எதையும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. அவர் தேர்வில் சரியாகப் பேசிவிடுவார், நான் மரியாதையோடு ஊர் போய்ச் சேரலாம். இப்போது யோசித்தால் அந்த நிம்மதிதான் என்னை வெட்கப்பட வைக்கிறது. காலைப் பாடத்தில் அவர் மறுபடியும் ஸ்தொமாகோ என்றார், கண் என் முகத்தில் இருந்தது. நானும் தலையாட்டினேன். இருவரும் தோசை சாப்பிட்டோம்.

ஐந்தாம் நாள் தேர்வு. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு ஹோட்டலின் ஏழாவது மாடி. அக்கா சாம்பல் நிறப் புடவையில் வந்தார். நான் வெளியே காத்திருப்பதாகத்தான் ஏற்பாடு. கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியைக்கூடப் பார்த்து வைத்துவிட்டேன். அப்போது தேவன் டையைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

"டீச்சர், நீங்களும் உள்ள வாங்க. அடுத்த பேட்ச் முப்பது நர்ஸ், அவங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்க ஆள் தேடறாங்க. உங்கள நேர்ல பாக்கணும்னு அந்த அம்மாவே சொல்லிட்டாங்க."

"இல்ல, நான் வெளிய..."

"ஆமா டீச்சர், வாங்க" என்றார் அக்கா. "நான் மட்டும் உள்ள போய் ஒக்காந்து, நீங்க வெளிய நின்னா நல்லாவா இருக்கும்?"

சுவரைத் தொட்டுக்கொண்டுதான் உள்ளே போனேன்.

மரீசா அம்மையாருக்கு அறுபது வயது இருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஏசி ஒத்துக்கொள்ளாமல் சளி பிடித்திருந்தது. என்னிடம் என்னவோ சொன்னார், வேகமாக. நான் சிரித்தேன். மறுபடி சிரித்தேன். தேவன் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சமாளித்தார். மூலையில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் கோத்துக்கொண்டேன்.

முதல் கேள்விகள் சுலபம். பெயர், ஊர், அனுபவம். அக்கா நிதானமாகப் பதில் சொன்னார். அடுத்த கேள்வியை நான் எப்படியோ பின்தொடர்ந்துவிட்டேன். ஒரு முதியவர் காலையில் எழுந்து வலி என்கிறார், என்ன கேட்பீர்கள், யாரைக் கூப்பிடுவீர்கள்?

அக்கா ஆரம்பித்தார். வார்த்தைக்கு முன்னால் ஒரு நொடி நின்றார். ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். "ஸ்தொமாகோ" என்றார்.

மரீசா அம்மையார் காதைச் சாய்த்து, "கோமே?" என்றார். என்ன சொன்னீர்கள்?

"ஸ்தொமாகோ" என்றார் அக்கா இன்னும் உரக்க. அவருடைய விரல் புடவையின் மேல் ஒரு தட்டு தட்டியது. அடுத்து மெதீகோ. அதற்கு முன்னாலும் என் பக்கம் ஒரு பார்வை. அடுத்து கல்லீரல், ஃபெகாதோ. மரீசா அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளில் எதையோ எழுதினார். தேவன் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு எதுவும் மறந்துபோகவில்லை. நேற்று விடியற்காலை தோசைக்கல்லுக்கு முன்னால் நின்று சரியாகச் சொன்ன அதே வாய். டீச்சர் மூலையில் உட்கார்ந்திருக்கும்போது, டீச்சர் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று வெள்ளைக்காரிக்கு முன்னால் எப்படிக் காட்டுவது என்று அவர் நினைத்துவிட்டார். பெற்ற மகளிடம் போகிற வழியை எனக்காக அடைத்துக்கொண்டிருந்தார்.

எழுந்தேன். நாற்காலி பின்னால் இழுபட்டுச் சத்தம் போட்டது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் இத்தாலியப் பெண்ணின் முகத்தைப் பார்த்து இத்தாலியனில் பேசினேன்.

"ஸ்கூஸி. தோர்னோ ஸூபிதோ."

மன்னிக்கவும், உடனே வருகிறேன். உடனே என்பதற்கு நான் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது ஸுபீதோ. இப்போது சொன்னது ஸூபிதோ, அகராதியில் உள்ளபடி. அக்காவின் கண்கள் விரிந்ததைப் பார்த்தேன். அதற்கு மேல் நிற்காமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

திரும்பிப் போகவில்லை. பார்த்து வைத்திருந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. தரைவிரிப்பில் உட்கார்ந்து கதவில் காதை வைத்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அறை துடைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு தமிழ் ஆன்டி என்னைப் பார்த்து நின்றார்.

"என்னாம்மா, தரையில ஒக்காந்திருக்கீங்க?"

"உள்ள தெரிஞ்சவங்களுக்கு இன்டர்வியூ, ஆன்டி."

"அவங்களுக்கு இன்டர்வியூ, வேர்வ உங்களுக்கா? இந்தாங்க, தண்ணி குடிங்க" என்று வண்டியிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துக் கொடுத்தார். பல்லில் இடிக்க இடிக்கக் குடித்தேன்.

பிறகு அக்காவின் குரல் கேட்டது. கொஞ்சம் நடுங்கியது, நின்றது, மறுபடி தொடங்கியது. ஸ்தோமகோ. அப்புறம் ஃபேகதோ. அப்புறம் என்னால் பின்தொடர முடியாத வேகத்தில் ஏதேதோ. மரீசா அம்மையார் சிரித்தார், சிரித்து இருமினார். நான் கதவிலிருந்து காதை எடுத்துவிட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அரைமணி நேரம் கழித்துத் தேவன் முதலில் வந்தார். "என்ன டீச்சர், இப்படிப் பாதியில எந்திரிச்சு வந்துட்டீங்க? உங்கள பத்தி நான் எவ்ளோ சொல்லி வச்சிருந்தேன்" என்றார். அவருக்குப் பின்னால் மரீசா அம்மையார். என் அருகில் நின்று, நான் பயந்தவள் என்பது தெரிந்தோ என்னவோ, ஒவ்வொரு வார்த்தையாக மெதுவாகச் சொன்னார். உங்கள் மாணவி எங்கள் ஊர்க்காரி மாதிரியே பேசுகிறார், எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள்?

முழுவதும் புரிந்தது. முப்பது நர்ஸ்களும் அந்தக் கேள்விக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். ஒரு புன்னகை போதும், அந்த வேலை எனக்குத்தான்.

"நோன் ஸோனோ ஸ்தாதா ஈயோ" என்றேன். சொல்லிக்கொடுத்தது நான் இல்லை.

அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு தோளைத் தட்டிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் போனார். தேவன் அவர் பின்னால் ஓடினார். முப்பது பேர் பற்றி அதற்குப் பிறகு யாரும் என்னிடம் பேசவில்லை.

அக்கா கடைசியாக வந்தார். "ஏப்ரல்ல வரச் சொல்லிட்டாங்க டீச்சர்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். மகளுக்கு போன் போட்டார், அவளும் அழுதாள். நான் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொடுத்தேன்.

தெருவுக்கு இறங்கி, பக்கத்தில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். தே ஓ வந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஸ்பூனால் கலக்கிக்கொண்டே இருந்தோம்.

"எப்பத்திலேருந்து தெரியும் அக்கா?"

"என்னாது டீச்சர்?"

"ஸ்தோமகோ."

அவர் மேசையைப் பார்த்தார். "பாப்பா போன வருஷமே சொல்லிட்டா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீங்க டீச்சர்."

"அந்த ரூம்ல கூடவா? வேலை போயிருக்குமே அக்கா."

"அந்த அம்மாவப் பாத்து எனக்கு ஒரு பயமும் இல்ல" என்றார். "நாளைக்கு அவங்களே எங்க ஹோம்ல வந்து படுத்தாலும் நான் தூக்கி ஒக்கார வச்சு கஞ்சி குடுப்பேன். நீங்க மூலையில ஒக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தீங்க டீச்சர். அதான் பயம்."

ஐந்து நாளாக நான் குரங்குக்குப் பயந்தேன், வண்டிக்குப் பயந்தேன், ஒரு சளி பிடித்த அம்மையாருக்குப் பயந்தேன். என்னைப் பார்த்து ஒருவர் பயப்படுவார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இதற்கு மேல் மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று பட்டது.

"எனக்கும் தெரியும் அக்கா" என்றேன். "நாலு மாசமா. தப்பு சொல்லிக்குடுத்துட்டேன்னு தெரிஞ்சும் சொல்லல. அதைச் சொல்லத்தான் வந்தேன். இங்க வந்தும் சொல்லல. மன்னிச்சிருங்க."

அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். முகத்தில் முதலில் கோபம்தான் வந்தது, நான் பார்த்தேன். அதை அவர் மறைக்கவும் இல்லை.

"நாலு மாசமா? ரெண்டு பேருமே தெரிஞ்சுக்கிட்டே ஒருத்தருக்கு ஒருத்தர் தப்பா பேசிக்கிட்டு இருந்தோமா?"

"ஆமா."

"இன்னிக்கு என் பிள்ளய நான் இழந்திருப்பேன் டீச்சர்."

"தெரியும்."

நான் பையிலிருந்து என் பாட நோட்டை எடுத்து அவர் பக்கம் தள்ளினேன். "திருச்சியில இன்னும் பதினோரு பேர் என்கிட்ட படிக்கிறாங்க. இதுல எது எது தப்புன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் நோட்டைத் திறக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பக்கத்தைப் புரட்டி, ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்தார். மருந்துக்கு ஃபார்மகோ. அவர் தொட்டது அதிலிருந்து பிறந்த வார்த்தை, மருந்துக்கடை. படியுங்கள் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"ஃபார்மச்சியா" என்றேன், முன்னாலேயே அழுத்தி. இனிமேல் எல்லாவற்றையும் முன்னால் அழுத்திவிட்டால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். கடைக்குள் யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"இல்ல டீச்சர்" என்றார். "ஃபர்மச்சீயா. சொல்லுங்க."